நேர்ச்சை காக்கும் நாடக அரங்கு

நேர்ச்சை என்னும் சொல்லுக்கு நமது குடும்பங்களில் விளக்கம் கூற வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் நீங்கினால் வேளாங்கண்ணியில் முடியிறக்குவதாக நேர்ந்துகொள்கிறோம். கண்நோய் தீர்ந்தால் வெள்ளியில் கண்மலர் செய்து காணிக்கையாக்குகிறோம். புனித அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரி ஏற்றுகிறோம். நேர்ந்ததைச் செலுத்தாத வீட்டில் அது தீராக் கடன்போல் நின்று நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கும். தாய் செலுத்தாமற் கண்மூடினால், மகள் அதைச் செலுத்தி முடிக்கிறாள்.

ஆனால் ஓர் ஊர் முழுவதும் ஒன்றுகூடி, 'எங்களைக் காப்பாற்றினால் நாடகம் நடிப்போம்' என்று இறைவனுக்கு நேர்ந்துகொண்ட செய்தி நம்மில் பலருக்குப் புதுமையாக இருக்கும். அந்த நேர்ச்சை ஒரு தலைமுறையோடு முடிந்துவிடவில்லை. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாகப் பேரனுக்குப் பேரனாக அவ்வூரார் அதைச் செலுத்தி வருகின்றனர். அதற்கென்றே ஓர் அரங்கத்தையும் எழுப்பியிருக்கின்றனர். அந்த ஊரையும் அரங்கையும் பற்றி நாம் பல ஆண்டுகளாகப் படித்தும் எண்ணியும் வந்தவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். அது புகழ்ச்சிக் கதை மட்டுமன்று. அதில் இருளும் உண்டு. அந்த இருளிலிருந்து வெளியேறிய வழியும் உண்டு.

கல்லறைமேல் எழுந்த மேடை

ஜெர்மனியின் தென்பகுதியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், பவேரியா என்னும் மாநிலத்தில் அமைந்த சிற்றூர் ஓபரம்மர்காவ். அம்மர் என்னும் ஆற்றின் கரையில், கோஃபெல் என்னும் கூர்மலையின் நிழலில் அது இருக்கிறது. மரச்சிற்பம் செதுக்குவது அவ்வூராரின் பரம்பரைத் தொழில். வீட்டுச் சுவர்களில் திருக்குடும்பம், புனிதர்கள் ஆகியோரின் ஓவியங்களைத் தீட்டி வைப்பது அவ்வட்டாரத்து வழக்கம். மூனிக் பிரைசிங் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்க ஊர் அது. அருகிலேயே எட்டால் என்னுமிடத்தில் பெனடிக்ட் சபைத் துறவியரின் பழமையான மடம் உள்ளது.

ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை அலைக்கழித்த முப்பதாண்டுப் போரின்போது, படைகளோடு பஞ்சமும் கொள்ளைநோயும் ஊர் ஊராகப் பரவின. ஓபரம்மர்காவ் மக்கள் எல்லையில் காவல் வைத்து நோயைத் தடுத்து வந்தனர். வெளியூரில் கூலிவேலை செய்துவந்த காஸ்பர் ஷிஸ்லர் என்பவர், ஆலயத் திருவிழாவுக்கு வீட்டாரோடு இருக்க ஆசைப்பட்டுக் காவலுக்குத் தெரியாமல் ஊருக்குள் வந்தார் என்றும், நோயும் அவரோடு வந்தது என்றும் ஊர் மரபு கூறுகிறது. திருவிழாவுக்கு வீடு திரும்ப விரும்பியதைத் தவிர அந்த ஏழை செய்த தவறு வேறில்லை! எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதாகச் சொல்கின்றனர். சிற்றூர் ஒன்றுக்கு அது எத்தகைய அடி என்பதை, அண்மையில் கொள்ளைநோயைக் கண்ட நாம் நன்கு அறிவோம்.

1633ஆம் ஆண்டில் ஊர்ப் பெரியோர் ஆலயத்தில் கூடினர். நோய் நீங்கினால் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஆண்டவரின் திருப்பாடுகளை நாடகமாக நடிப்பதாக நேர்ந்துகொண்டனர். அதன்பின் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை என்பது அவர்களது நம்பிக்கை. மறு ஆண்டு 1634இல் முதல் நாடகம் அரங்கேறியது. எங்கே தெரியுமா? ஆலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில்! கொள்ளைநோய்க்குப் பலியானோரைப் புதைத்த மண்ணின்மேலேயே பலகை மேடை போட்டு, ஆண்டவரின் பாடுகளையும் உயிர்ப்பையும் நடித்தனர். கீழே தமது உற்றார். மேலே உயிர்ப்பின் காட்சி. அந்த மேடைக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்குமா?

1680 முதல் பத்தால் வகுபடும் ஆண்டுகளில் நாடகம் நடைபெறலாயிற்று. 1820 வரையில் கல்லறைத் தோட்டமே அரங்கு. காண வருவோர் பெருகியதால் 1830இல் இப்போதைய இடத்துக்கு மேடை மாறியது.

எல்லா ஆண்டுகளும் எளிதாக அமையவில்லை. சமய மறைபொருளை மேடையேற்றலாகாது என்று 1770இல் பவேரிய அரசு தடை விதித்தது. அந்த முறை நாடகம் நடைபெறவில்லை. மீண்டும் ஒரு தடையைத் தாண்டி, 1811இல் எட்டால் மடத்துத் துறவியாக இருந்த ஓத்மார் வைஸ் புதிதாக எழுதிய நாடகம் மேடை கண்டது. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ரோக்குஸ் டெட்லர் அதற்கு இசையமைத்தார். அவரது இசையே இன்றைய நாடக இசைக்கும் அடித்தளம். பின்னர் அவ்வூர்ப் பங்குக்குருவாயிருந்த டைசன்பர்கர் என்பார் 1860இல் நாடகத்தைத் திருத்தி எழுதினார். அந்தப் பாடமே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது.

ஊரே நடிக்கும் நாடகம்

1900ஆம் ஆண்டு நாடகத்துக்காக, ஆறு பெரிய இரும்பு வளைவுகள் தாங்கும் மண்டபம் எழுந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கே அமரக்கூடியது அது. ஒரு சிறப்பு நோக்கத்தக்கது: காண்போருக்குத்தான் கூரை உண்டு, மேடை பெரும்பாலும் திறந்த வெளி. பின்னணியில் மலையும் வானமும் தெரியும். மழை பெய்தால் நடிகர்கள் நனைவார்கள். கெத்சமனித் தோட்டத்தின்மேல் மெய்யாகவே மேகம் கவியும். பறவைகள் மேடையைக் கடந்து பறக்கும்.

நாடகம் சுமார் ஐந்து மணி நேரம். நடுவே உணவுக்காக நீண்ட இடைவேளை. காட்சிகளுக்கிடையே பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளை, நடிகர்கள் அசையாமல் சிலைபோல் நின்று ஓவியமாகக் காட்டுவர். பாடகர் குழு அதன் பொருளைப் பாடும். இது அந்நாடகத்தின் மரபு.

நடிப்போர் எவரும் நடிப்பைத் தொழிலாகக் கொண்டவரல்லர். அவ்வூரில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் இருபதாண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது 2022 நாடகம் வரை இருந்துவந்த நெறி. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் சுமார் இரண்டாயிரம் பேர், சிறுவரும் முதியோருமாக, மேடையிலோ இசைக்குழுவிலோ பின்னணி வேலையிலோ பங்கேற்கின்றனர். பாட்டனும் மகனும் பேத்தியும் ஒரே காட்சியில் எருசலேம் மக்களாக நிற்பதுண்டு. 1900, 1910, 1922 ஆகிய மூன்று முறை கிறிஸ்துவாக நடித்த அந்தோன் லாங் என்பவர் ஒரு குயவர். நாடகம் முடிந்தால் அவர் மண்பாண்டம் வனையப் போய்விடுவார்.

யாருக்கு எந்த வேடம் என்பதை அரங்கின்முன் ஒரு கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி அறிவிப்பார்கள். ஊரே கூடி நின்று தன் பெயரைத் தேடும். பின்னர் நாடகத்துக்கு முந்திய ஆண்டின் திருநீற்றுப் புதனன்று ஓர் ஆணை வரும்: அன்று முதல் நடிகர்கள் தலைமுடியையோ தாடியையோ வெட்டலாகாது. உரோமைப் போர்வீரராக நடிப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு. நமது நேர்ச்சையோ முடியிறக்குவது. அவர்களது நேர்ச்சை முடிவளர்ப்பது! கடைக்காரரும் வண்டியோட்டியும் ஆசிரியரும் நீள்தாடியோடு தெருவில் நடக்கும்போது, பேதுருவும் பிலாத்துவின் அண்டை வீட்டாரும் கடைத்தெருவில் உலவுவதுபோல் தோன்றுமாம்.

ஓர் ஊரின் வாழ்வையே ஒரு நாடகம் இவ்வாறு கட்டிக் காப்பதைக் காணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. மரச்சிற்பியின் கைத்திறன் மேடைப் பொருள்களில் பயன்படுகிறது. பாடும் குரல்களைத் தேடி ஊர்ப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கின்றனர். நாடகத்தின் வருவாய் ஊர்ப் பொதுநலத்துக்குப் பயன்படுகிறது. திருப்பாடுகள் நடவாத ஆண்டுகளிலும் அரங்கம் உறங்குவதில்லை. எடுத்துக்காட்டாக, 2015இல் யூத மக்களின் அடிமைவாழ்வைக் கூறும் 'நபுக்கோ' இசை நாடகம் அங்கே நடைபெற்றது. ஜெர்மனி நாடு தனது அருவமான பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் 2014இல் இந்நாடகத்தைச் சேர்த்துக்கொண்டது.

மேடையில் விழுந்த நிழல்

இதுவரை கூறியது பெருமை. இனிக் கூறப்போவது வேதனை.

நாடகம் என்றால் நல்லவனும் வேண்டும், தீயவனும் வேண்டும். பழைய பாடத்தில் தீயவர் யாவர்? யூத மக்களும் அவர்தம் குருக்களும். தலைமைக் குருக்கள் கொம்புபோல் வளைந்த தலையணிகளோடு மேடையேறினர். பிலாத்து ஓரளவு நல்லவனாகவும், யூதக் கூட்டம் முழுவதும் இரத்தவெறி பிடித்ததாகவும் காட்டப்பட்டது. மத்தேயு நற்செய்தியில், இரத்தப்பழியைத் தம்மீதும் தம் பிள்ளைகள்மீதும் சுமத்திக்கொள்ளக் கூட்டத்தினர் முன்வருவதாக ஓர் இடம் வருகிறதல்லவா? அதை நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் மேடையில் முழங்கினர். பத்தாண்டுக்கு ஒருமுறை, இலட்சக்கணக்கானோர் அதைக் கேட்டு வீடு திரும்பினர்.

நாடகம் எழுதியவர்கள் தீய எண்ணம் கொண்டோர் அல்லர், பக்திமான்களே. ஐரோப்பாவின் பல ஊர்களில் அக்காலத்தில் பரவிக் கிடந்த எண்ணத்தையே மேடையில் வைத்தனர். ஆனால் எண்ணம் மேடையேறும்போது அதற்கு முகமும் குரலும் கிடைத்துவிடுகின்றன. பிரசங்கத்தில் கேட்டதை மறப்போம்; கண்ணால் கண்டதை மறப்போமா?

நேர்ச்சையின் முந்நூறாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு 1934இல் சிறப்பு நாடகம் நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்த மண்டபத்தில் வந்து அமர்ந்தோருள் ஒருவன் அடோல்ஃப் ஹிட்லர். 1942இல், யூதரை ஒழிக்கும் வேலையை அவன் உச்சத்தில் நடத்திக்கொண்டிருந்த நாட்களில், யூதர்களால் விளையும் ஆபத்தை இந்நாடகம்போல் எடுத்துக்காட்டியது வேறில்லை என்னும் கருத்தில் அதைப் புகழ்ந்து பேசினான். 1938 நவம்பரில் அவ்வூரிலேயே வாழ்ந்துவந்த யூத வழியினர் ஒருவர் பிடிக்கப்பட்டு டாகவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்தபோது ஐரோப்பாவில் ஏறக்குறைய அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தனர்.

அந்த அழிவுக்கு ஒரு நாடகம் காரணம் என்று கூறுவது நீதியன்று. அதற்கு வேறு காரணங்கள் பல உண்டு. எனினும் கொலைகாரன் ஒருவன் நமது பக்தி நாடகத்தைக் கண்டு, 'இது எனக்கு வேண்டியது' என்று கைதட்டுவானாயின், நாம் நமது நாடகத்தை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டாமா? இக்கேள்வியே ஓபரம்மர்காவின் அடுத்த அரை நூற்றாண்டு வரலாறு.

திருத்திக்கொண்ட நேர்ச்சை

போரினால் 1940இல் நின்றுபோன நாடகம் 1950இல் மீண்டும் தொடங்கியது. பழைய பாடம் ஏறக்குறைய அப்படியே நின்றது. ஆனால் திருச்சபையில் காற்று மாறிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதருக்காக வேண்டும் மன்றாட்டில் அவர்களைப் பழிக்கும்படி அமைந்திருந்த சொல்லை 1959இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் நீக்கினார். 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய தனது அறிக்கையை வெளியிட்டது. ஆண்டவரின் பாடுகளுக்கு அன்று வாழ்ந்த யூதர் அனைவரையும், இன்று வாழும் யூதரையும் குற்றவாளிகளாக்கலாகாது என்று அது தெளிவுபடக் கற்பித்தது.

சங்கம் கூறிவிட்டது, ஊர் உடனே கேட்டுவிட்டதா? இல்லை. மூனிக் பேராயர் கர்தினால் டாப்னர் பாடத்தைத் திருத்துமாறு வற்புறுத்தியும், 1970 நாடகம் பழைய சாயலிலேயே நடந்தது. அமெரிக்க யூத அமைப்புகள் கடுங்கண்டனம் தெரிவித்தன. ஊருக்குள்ளேயே இரு கட்சிகள் எழுந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் ரோஸ்னர் என்னும் துறவி எழுதிய வேறொரு பாடத்தை எடுப்போம் என்றது ஒரு கட்சி. அதில் ஆண்டவரை எதிர்ப்பவை பேராசை, பொறாமை, சாவு, லூசிபர் ஆகிய தீய சக்திகள். ஓர் இனத்தவர் அல்லர். 1977இல் அதை வெள்ளோட்டமாக நடித்தும் பார்த்தனர். ஆனால் ஊரின் பெரும்பான்மை ஏற்கவில்லை. 'எங்கள் பாட்டன்மார் பேசிய வசனத்தை மாற்றினால் நேர்ச்சை முறிந்துபோகாதா?' என்பதே அவர்களது அச்சம்.

அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். நமது பங்கில் பழைய பாடல் ஒன்றை மாற்றினாலே முதியோர் முகம் வாடுவதைக் காண்கிறோம். மூதாதையரின் சொல்லில் கை வைப்பது எளிய செயலன்று.

மாற்றம் 1990இல் தொடங்கியது. அவ்வூர் விடுதிக்காரரின் மகனும் மரச்சிற்பம் பயின்றவருமான கிறிஸ்டியன் ஷ்டூக்கல், முப்பது வயது நிரம்புமுன்பே இயக்குநரானார். அவ்வாண்டுதான் மணமான பெண்களும் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களும் மேடையேறும் உரிமையை நீதிமன்றத்தின் வழியே பெற்றனர். அதுவரை இளங்கன்னியருக்கே பெண் வேடங்கள். பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி மரியன்னையாக நடிக்க முடியாதிருந்தது! புராட்டஸ்டாண்டு சபையினரும் முக்கிய வேடங்களை ஏற்றனர்.

2000ஆம் ஆண்டில் பாடம் பெரிதும் மாறியது. இரத்தப்பழி பற்றிய அந்த முழக்கம் நீங்கியது. கொம்புத் தலையணிகளும் போய்விட்டன. இயேசுவைச் சீடர்கள் 'ரபி' என்று அழைத்தனர்; அவர் எபிரேய மொழியில் மன்றாடினார். இராவுணவு மேசைமீது யூதரின் ஏழு கிளை விளக்கு எரிந்தது. யூத மக்களிடையே அவரை எதிர்த்தோரும் இருந்தனர், அவருக்காக வாதாடியோரும் இருந்தனர் என்பது மேடையில் தெளிவாயிற்று. பிலாத்துவின் கொடுமை மறைக்கப்படவில்லை. யூத அறிஞர்களோடு அமர்ந்து, வசனம் வசனமாகக் கேட்டுத் திருத்தினர். இப்பணிக்காக ஷ்டூக்கலுக்குக் கிறிஸ்தவ யூத நல்லுறவுக்கான புபர் ரோசன்ஸ்வைக் பதக்கம் 2021இல் வழங்கப்பட்டது.

2020 நாடகத்துக்கு எல்லாம் ஆயத்தமாயிருந்தபோது கொரோனா வந்தது. கொள்ளைநோயிலிருந்து காத்ததற்கு நன்றியாகத் தொடங்கிய நாடகம், மற்றொரு கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் ஒத்திவைக்கப்பட்டது. வளர்த்த முடியை வெட்டிக்கொண்டனர், மறுபடியும் வளர்த்தனர். 2022 மே 14ஆம் நாள் தொடங்கி அக்டோபர் 2 வரை நாடகம் நடந்தது. சுமார் நான்கு இலட்சம் பேர் கண்டனர். அம்முறை யூதாசாக நடித்த இருவருள் ஒருவர், துருக்கியிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்து இளைஞர். துணை இயக்குநரும் ஒரு முஸ்லிம். கத்தோலிக்க ஊர் தன் நேர்ச்சையைச் செலுத்த, தன்னோடு வாழும் பிற சமயத்தாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. அதனால் நேர்ச்சை குறைந்துவிட்டதா? நிறைந்துவிட்டது என்பதே நமது எண்ணம்.

ஒரு பேத்தியின் கேள்வி

அந்நாடகத்தின் படங்கள் 2022இல் வெளிவந்தபோது நமது பேத்தியும் எட்டிப் பார்த்தாள். மேசைமீதிருந்த விளக்கைச் சுட்டி, "இது என்ன விளக்கு, தாத்தா?" என்றாள்.

"அது யூதர்களின் விளக்கு, கண்ணு."

"இயேசுவின் பந்தியில் அது எதற்கு?"

"அவரும் யூதர்தானே? மாதாவும் யூதப் பெண்மணிதான். பேதுருவும் யோவானும் அப்படியே."

சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்: "நம் ஊர்ப் பாஸ்காவில் 'யூதர்கள் கொன்றார்கள், யூதர்கள் கொன்றார்கள்' என்று சொல்கிறார்களே. அப்படியானால் மாதா எந்தப் பக்கம் தாத்தா?"

நூல்கள் பல எழுதியோரும் இக்கேள்வியை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டிருக்கமாட்டார்கள். நாம் அவளுக்குச் சொன்ன விடை இதுதான்: ஒரு மக்களினம் அவரைக் கொல்லவில்லை, அன்று அதிகாரம் படைத்த சிலர் கொன்றனர். நம்முடைய பாவங்களுக்காக அவர் தாமே தம்மைக் கையளித்தார் என்பதே மறைக்கல்வி நமக்குக் கற்பிப்பது. ஆகவே மேடையில் தீயவனைக் காணும்போது நாம் தேட வேண்டிய முகம் நமது முகமே.

நமது தவக்கால மேடைகள்

தமிழகத்துப் பங்குகள் பலவற்றில் தவக்காலத்திலும் உயிர்ப்புக் காலத்திலும் பாஸ்கா நடப்பதை நாம் அறிவோம். மணலில் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் கிடத்தி, விடியும்வரை பார்த்தவர்கள் நாம். சிலுவை சாய்ந்தபோது அழுத அழுகை இன்றும் நெஞ்சில் ஈரமாக இருக்கிறது. ஏட்டறிவு இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த மேடையே விவிலியம். எனவேதான் அதன்மீது நமக்கு அக்கறை மிகுதி.

நாம் வளர்ந்த ஊரில் யூதாசாக நடித்த ஓர் ஏழைத் தொழிலாளி இருந்தார். மிக நன்றாக நடிப்பார். அதன் பயனாக ஆண்டு முழுவதும் தெருப்பிள்ளைகள் அவரை 'யூதாசு, யூதாசு' என்று கூவித் துரத்தினர். அவர் பிள்ளைகளும் பள்ளியில் அப்பெயரைச் சுமந்தனர். விளையாட்டுத்தான்; ஆனால் அந்த வீட்டுக்கு அது விளையாட்டாயிருந்திருக்குமா? ஒரு வேடமே இவ்வளவு ஒட்டிக்கொள்ளுமாயின், ஓர் இனத்தார்மேல் பல நூற்றாண்டு ஏற்றிய வேடம் எவ்வளவு ஒட்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்றையும் மனம் திறந்து கூற விரும்புகிறோம். நம் மேடைகளில் இயேசுவின் வேடம் எந்தத் தெருவுக்கு, அடிக்கும் சேவகர் வேடம் எந்தத் தெருவுக்கு என்று சொல்லாமலே வகுத்துவைக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அது திருப்பாடுகளின் நாடகமாகாது. திருப்பாடுகளின் தொடர்ச்சியே ஆகும். ஓபரம்மர்காவின் கரும்பலகையில் மணமான பெண்ணின் பெயரும், வேறு சபையினரின் பெயரும், முஸ்லிம் இளைஞனின் பெயரும் எழுதப்பட நானூறு ஆண்டுகள் பிடித்தன. நமக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் நாம், ஒரே பலகையில் பெயர் எழுதிக்கொள்ளத் தயங்குவானேன்?

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. ஒத்திகைக்கு முன் பழைய கையெழுத்துப் பிரதியைப் பங்குக்குருவோடு அமர்ந்து ஒருமுறை வாசிக்கலாம். 'யூதர்கள்' என்று மொத்தமாகப் பழிக்கும் வசனங்களை நற்செய்தியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தலாம். நாடகம் தொடங்குமுன், ஆண்டவரும் அவர் அன்னையும் திருத்தூதரும் யூத மக்களே என்று ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ ஒலிபெருக்கியில் இரண்டு வரி கூறலாம். பிரதியை எழுதிவைத்த நமது அண்ணாவிமாருக்கு இதனால் இழுக்கு நேராது. அவர்கள் கட்டிய மாலையில் ஒரு முள் இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சூடுவது மாலைக்குச் செய்யும் மரியாதையே.

ஓபரம்மர்காவின் பாட்டன்மார் நேர்ந்துகொண்டது என்ன? ஆண்டவரின் பாடுகளை நடிப்பதாக நேர்ந்தனர். குறிப்பிட்ட வசனங்களை என்றும் மாற்றாமல் ஒப்பிப்பதாக நேரவில்லை. பாடுபட்டவரின் அன்பை அடுத்த தலைமுறைக்குக் காட்டுவதே நேர்ச்சையின் உயிர். அந்த உயிர் நிலைக்கும்பொருட்டு உடலின் சில உறுப்புகளை மாற்றிக்கொண்டனர். நேர்ச்சை முறியவில்லை. அரங்கம் நிற்கிறது, மலையும் வானமும் அப்படியே இருக்கின்றன.

பத்தாண்டு முறைப்படி அவர்களது அடுத்த நாடகம் 2030இல் வர வேண்டும். நமக்கோ அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் தவக்காலமே நமது அரங்கு. அதில் ஏறும் ஒவ்வொரு சொல்லும் யாரையும் புண்படுத்தாமல், கேட்போர் நெஞ்சைத் தொடும்படி, இப்பொழுதே பிரதியை எடுத்து வாசிக்கத் தொடங்குவோம்.